குதிரை இறங்கிய கரையில் ஒரு குட்டி

"குதிரை சினையா இருந்தா வயிறு காட்டிக் குடுக்காதா தம்பி?" என்று கேட்டார் உப்பு வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். அவருடைய சம்பந்தி வீட்டார் ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் பிடித்து வந்த பெட்டைக் குதிரை, ஒரு விடியலில் யாரும் எதிர்பாராமல் குட்டி போட்டுவிட்டதாம். பழையகாயல் டீக்கடையில் தொடங்கிய பேச்சு இது. காட்டிக் கொடுக்காது என்பதுதான் பதில். அதை விளக்கத்தான் ஒரு டீ போதவில்லை.

குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். 320 நாளிலும் ஈனும், 360 நாளிலும் ஈனும். குட்டியின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் கூடுகிறது. தலைச்சினை என்றால் வயிற்றுத் தசை இறுக்கமாக இருக்கும், அப்போதும் பெரிதாகத் தெரியாது. தெரிந்தாலும் நன்றாக மேய்ந்த வயிறு என்று நினைத்துக்கொள்வோம். சந்தைக்குப் போகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பார்த்து வயது சொல்வார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். கருப்பையைப் பார்க்க மாட்டார். ஸ்கேன் வைத்தால் சினைப்பட்ட பதினைந்து நாளிலேயே தெரிந்துவிடும், ஆனால் சுழிக்குக் கொடுக்கும் மரியாதையை யார் ஸ்கேனுக்குக் கொடுக்கிறார்கள்? வீட்டுப் பண்ணைகளில் தெரியாமல் சினையாவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஒன்றரை வயது ஆண்குட்டிதானே என்று அதைப் பெட்டைகளோடு சேர்த்து மேயவிடுவார்கள். அந்த வயதிலேயே அது தகப்பனாகிவிடும்.

ஈனுவதும் பெரும்பாலும் இரவில், ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு. பனிக்குடம் உடைந்தால் அரைமணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் அது எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இதில் எது தவறினாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான். நோயெதிர்ப்புச் சத்து கருப்பையில் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கும், அதுவும் முதல் ஒரு நாளுக்குள். பசு ஈன்ற வீட்டுப் பழக்கத்தில் சீம்பாலைக் கறந்துவிடக் கூடாது.

"அது சரி, குட்டிக்கு முன்னங்கால் கொஞ்சம் வளைஞ்சிருக்காம்" என்றார் அண்ணாச்சி. பிறந்த குட்டிக்குக் கால் தளர்ந்திருப்பது சகஜம், பலவும் சில வாரங்களில் நேராகிவிடும். ஆனால் இந்தக் கவலை இந்தக் கரைக்குப் புதிதல்ல. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெளியூர்க்காரர் அதை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

13ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகம், நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தத் தாமிரபரணி முகத்துவாரப் பகுதிதான் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். ஹொர்முஸ், கிஷ், ஏடன் என்று மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் இங்கே குதிரைகளை இறக்கின. பாண்டிய மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குவார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கில் கிஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார். கடலில் செத்தாலும் கருவூலம் பணம் கொடுத்துவிடும். இப்படியொரு ஒப்பந்தம் இன்று எந்த வியாபாரிக்குக் கிடைக்கும்!

நல்ல பொலிக்குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் இந்த நாட்டில் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறக்கும் என்பதும் போலோ எழுதியதுதான். இதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? குதிரைக்கு லாடமடித்து வைத்தியம் பார்க்கிறவர்களை வணிகர்கள் இங்கே வரவிடுவதில்லை என்று அவரே சொல்கிறார். வந்தால் குதிரை பிழைத்துக்கொள்ளும், அடுத்த ஆண்டு விற்பனை குறையும். அப்படிப்பட்ட வணிகர்கள் 'உங்கள் மண்ணில் குட்டி தேறாது' என்று சொன்னால் நான் பாதிதான் நம்புவேன்.

அரசர்களுக்கும் வளர்ப்பதைவிட வாங்குவதே பழக்கம். மாணிக்கவாசகரைப் பாண்டியன் பொன்னோடு அனுப்பியதே குதிரை வாங்கத்தான், நரி பரியானது அதற்குப் பின்னால் வந்த கதை.

குட்டி தேறாது என்பதில் உள்ள பாதி உண்மை தீவனத்தில் இருக்கிறது. சோற்றோடு வெந்த இறைச்சியைக் கலந்து குதிரைக்குக் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. நெய்யில் பக்குவப்படுத்திய தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டி வைத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். உபசாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் குதிரையின் எலும்புக்குப் பாஸ்பரசைவிடக் கால்சியம் கூடுதலாக வேண்டும். அரிசியிலும் இறைச்சியிலும் பாஸ்பரஸ் பல மடங்கு, கால்சியம் பெயருக்குத்தான். தவிடு இன்னும் மோசம், அதில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெரிய குதிரைக்குத் தாடையும் முகமும் வீங்கும், நொண்டும். வளரும் குட்டிக்கு எலும்பு உறுதிப்படாமல் உடல் எடையிலேயே கால் வளையும். வெப்பநாட்டுப் புற்கள் சிலவும் இதற்குத் துணை போகும். நம் கொழுக்கட்டைப் புல்லில் இருக்கும் ஆக்சலேட், கிடைக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய குதிரைகள் கூட்டமாகச் செத்ததற்கு ஈக்கள் பரப்பும் சர்ரா போன்ற நோய்களும் காரணமாயிருக்கலாம். அந்தக் கிருமியைக் குதிரை, ஒட்டக இரத்தத்தில் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் கண்டுபிடித்ததே 1880இல்தான்.

இதில் எனக்குத் தாங்காத ஒன்று உண்டு. முத்துக் குளித்த கரை இது. முத்து எடுத்த பிறகு கரையில் மலையாகக் குவிந்த சிப்பி ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். அது குவிந்து கிடந்த ஊரில்தான் குதிரை கால்சியம் இல்லாமல் நொண்டியது.

மண்ணின் மேல் பழி இல்லை என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் குதிரைப் பண்ணை நடத்தினார்கள். லாயத்தின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. அந்தக் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை காட்டுக்குதிரைகளாகத் திரிந்து, லாடமும் லாயமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போடுகின்றன. கோடையில் தண்ணீர் இல்லாமல் சாவதும் உண்டு. நெடுந்தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, வேலிகூடப் பவளக்கல்தான். அங்கத்திய புல்லிலும் தண்ணீரிலும் கால்சியம் கூடுதலாக இருக்குமோ என்பது என் ஊகம் மட்டுமே. இந்தப் பக்கம் கோடியக்கரையிலும் மட்டக்குதிரைகள் அப்படியே பெருகி வாழ்கின்றன.

"அப்ப சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்ல?" என்றார் அண்ணாச்சி. தவிட்டை நிறுத்திவிட்டுக் கொள்ளு கொடுக்கலாம், அதில் கால்சியமும் பாஸ்பரசும் ஏறக்குறைய சமம். குதிரை மசால் கிடைத்தால் இன்னும் நல்லது. தாயும் குட்டியும் கட்டுத்தறியிலேயே நிற்காமல் தினமும் நடக்கட்டும். சுண்ணாம்புச் சத்து தனியாகச் சேர்ப்பதென்றால் அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். கால் வளைவு சில வாரங்களில் குறையவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எலும்பைத் திருத்துவது கடினம், கணுக்காலுக்குக் கீழே அது சில மாதங்களிலேயே மூடத் தொடங்கிவிடும்.