உங்களுக்குத் தெரியுமா? கந்தரோடை மண்ணுக்குள் ஒரு பழைய ஊர்

மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கந்தரோடை. பழைய நூல்கள் சொல்லும் கதிரைமலை இதுதான் என்பார்கள். பனைகள் சூழ்ந்த வெளியில், கவிழ்த்து வைத்த சட்டிகளைப் போலச் சின்னச் சின்னத் தூபிகள். சிலவற்றுக்கு ஆள் உயரம்கூட இல்லை. எல்லாம் முருகைக்கல், கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கப் பொடித் துளைகள். மேற்பகுதிகள் பல, பழைய அடித்தளங்களின் மேல் தொல்லியல் திணைக்களம் மீளக் கட்டியவை.

சுவாரசியம் தூபியில் அல்ல, மண்ணுக்குள்தான். 1910களின் பிற்பகுதியில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் இங்கே அகழ்ந்தபோது முத்திரை குத்திய பழைய நாணயங்கள், உரோம நாணயங்கள், மணிகள் எல்லாம் கிடைத்தன. கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்களும் இருந்தன! 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு தோண்டியதில் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. கிறிஸ்துவுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது உறுதியானது. தூபிகள் தமிழ்ப் பௌத்தருடையவையா, சிங்களப் பௌத்தருடையவையா என்ற வாக்குவாதம் மட்டும் இன்றுவரை ஓயவில்லை.

பார்க்கப் போகிறவர்கள் தூபிகளில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். முருகைக்கல் உதிரும்.