மியன்மார் ராணுவத்துக்கு மீண்டும் நாற்காலி போடலாமா?

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். "எங்கே பார்த்தாலும் மியன்மார்க்காரர்கள்தான். இவர்கள் எப்போதுதான் ஊருக்குத் திரும்புவார்கள்?" என்ற பேச்சு காதில் விழும். தோட்ட வேலை போய், தொழிற்சாலை வேலைக்கும் போட்டி என்ற நிலையில் இருக்கும் நம்மவர்கள் இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பாதி, மியன்மார் ராணுவத்தோடு நம் அரசு எப்படி நடந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது.

2025 டிசம்பர் 28 தொடங்கி 2026 ஜனவரி 25 வரை அந்த ராணுவம் மூன்று கட்டமாக ஒரு தேர்தலை நடத்தி முடித்தது. எதிர்பார்த்தபடி ராணுவத்தின் ஆதரவுக் கட்சியே வென்றது. "தேர்தல்தான் நடந்துவிட்டதே, இனிப் பழையபடி உறவாடலாம்" என்ற குரல் இந்த வட்டாரத்தில் எழத் தொடங்கியிருக்கிறது. மலேசியா அதற்கு இணங்கக் கூடாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

2020 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றது. புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி, தளபதி மின் ஆங் ஹிலேங் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. வீதியில் இறங்கிய மக்கள் சுடப்பட்டார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் சொந்த நாட்டிலேயே வீடிழந்தார்கள்.

2021 ஏப்ரல் 24-ஆம் தேதி ஜகார்த்தாவில் கூடிய ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்சங்களில் உடன்பாடு கண்டார்கள். வன்முறையை உடனே நிறுத்துவது, எல்லாத் தரப்பும் பேசுவது, ஆசியான் சிறப்புத் தூதர் நடுநிலை வகிப்பது, மனிதாபிமான உதவி, தூதர் அங்கு சென்று எல்லாத் தரப்பையும் சந்திப்பது ஆகியவையே அவை. தளபதியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஆனால் சொன்னபடி நடக்கவில்லை. அதனால் அந்த ஆண்டு அக்டோபர் முதல் ஆசியான் உச்சநிலை மாநாடுகளில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. இப்போது திருப்பித் தரலாமா என்று பேசப்படுவது அந்த நாற்காலியைத்தான்.

நம் அரசு எடுத்த நிலை

நம் நாட்டின் போக்கு இந்த விவகாரத்தில் ஒரே சீராக இருந்ததில்லை. ஆட்சி கவிழ்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 2021 பிப்ரவரி 23-ஆம் தேதி, லூமுட் கடற்படைத் தளத்தில் அதே ராணுவம் அனுப்பிய மூன்று போர்க்கப்பல்களில் 1,086 பேரை நாம் ஏற்றி அனுப்பினோம். அன்று காலையில்தான் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்திருந்தது.

பிறகு போக்கு மாறியது. 2022 மே மாதம் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைஃபுடின் அப்துல்லா, ராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசாங்கத்தின் பிரதிநிதியை வெளிப்படையாகச் சந்தித்தார். அதுவரை எந்த ஆசியான் வெளியுறவு அமைச்சரும் செய்யாத காரியம் அது. 2025-இல் மலேசியா ஆசியான் தலைமையில் இருந்தபோது, மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பின் பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஏப்ரல் 17-ஆம் தேதி பேங்காக்கில் தளபதியை நேரில் சந்தித்தார். மனிதாபிமான உதவிக்காகவும் போர்நிறுத்தத்துக்காகவும் என்று விளக்கம் தரப்பட்டது. மறுநாள் எதிர்த்தரப்பினருடனும் இணையம் வழி பேசினார்.

கைகுலுக்கியதால் கிடைத்தது என்ன?

2022 ஜனவரியில் அப்போதைய கம்போடியப் பிரதமர் ஹுன் சென், ஆசியான் தலைவர் என்ற முறையில் நேப்பிடோவுக்கே நேரில் போனார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அங்கு சென்ற முதல் வெளிநாட்டு அரசுத் தலைவர் அவர்தான். அதே ஆண்டு ஜூலையில் ராணுவம் ஜனநாயகப் போராளிகள் நால்வரைத் தூக்கிலிட்டது. வேண்டாம் என்று ஹுன் சென் எழுதிய கடிதத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது.

2025 மே 12-ஆம் தேதி, போர்நிறுத்தம் என்று அவர்களே அறிவித்திருந்த காலத்தில், சகாயிங் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மீது குண்டு விழுந்து மாணவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் செய்யவில்லை என்றது ராணுவம். பேங்காக் சந்திப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நடந்த தேர்தலும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. முந்தைய தேர்தலில் வென்ற கட்சி 2023-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. 330 நகரியங்களில் 60-க்கும் மேற்பட்டவற்றில் வாக்குப்பதிவே இல்லை. நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம் வாக்கே இல்லாமல் ராணுவத்துக்கு என்று 2008 அரசியலமைப்பே ஒதுக்கி வைத்திருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருப்போர் சுமார் 2 லட்சம் பேர். பத்தில் ஒன்பது பேர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். 2024 பிப்ரவரியில் ராணுவம் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபின், 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களுக்கு ஊரில் இருப்பதே ஆபத்தாகிவிட்டது. தங்களை விரட்டிய துப்பாக்கி அங்கேயே இருக்கும்போது இவர்கள் எப்படித் திரும்புவார்கள்? அந்தத் துப்பாக்கிக்கு நாம் மரியாதை செய்தால் இன்னும் பலர்தான் ஓடி வருவார்கள். கடையில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

நம் பிள்ளைகளின் கதையும் இருக்கிறது. தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியாவாடி பகுதி மோசடி மையங்களில் அடைக்கப்பட்ட செய்திகளைப் படித்திருப்போம். அந்த மையங்கள் வளர்ந்தது ராணுவத்தோடு கூட்டு வைத்த ஆயுதக் குழுவின் நிழலில்தான்.

தமிழர்களுக்கு இந்த ராணுவம் புதிதும் அல்ல. 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த தளபதி நெ வின் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கினார். சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கையில் இருந்ததையும் இழந்து கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்தவர்களின் பெயரால் நிற்கிறது.

பேசாமல் தீர்வு வருமா?

வராது. பேசத்தான் வேண்டும். நிலநடுக்கத்தில் சிக்கியவனுக்கு மருந்து கொண்டுபோக, வாசலில் நிற்கும் காவலாளியிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் காவலாளியிடம் பேசுவது வேறு, அவனையே வீட்டுக்காரன் என்று ஒப்புக்கொள்வது வேறு. குண்டுவீச்சை நிறுத்தி, அரசியல் கைதிகளை விடுவித்து, உதவிப் பொருள்களை எல்லாப் பகுதிக்கும் போகவிட்ட பிறகுதான் நாற்காலியைப் பற்றிப் பேச வேண்டும். முதலில் நாற்காலி, பிறகு நிபந்தனை என்றால் நிபந்தனை காற்றில் போய்விடும்.

மலாக்காவில் ஆறு நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைத் திருவிழாவிலோ சேவை மையத்திலோ பார்க்கும்போது, சாலை விளக்கோடு சேர்த்து இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். ஐந்து அம்சங்களில் எது நிறைவேறியது? எதுவும் நிறைவேறாமல் அந்த ராணுவத்தோடு நாம் உறவைச் சீராக்கப் போகிறோமா? வெளியுறவு என்றால் அது புத்ராஜெயாவின் வேலை என்று விட்டுவிட வேண்டாம். அதன் விளைவு நம் தாமான் வாசலுக்கு எப்போதோ வந்துவிட்டது.