மஞ்சள் பல்பு எப்போது எரிய வேண்டும்?

கொட்டாம்பட்டி வீட்டிலிருந்தோ, மேலூர் தாண்டி இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவிலோ ஜாவா எழுதும் ஒரு புரோகிராமரை எடுத்துக்கொள்வோம். நிரலில் 'விலை' என்று வைத்த பெயரை 'அடக்கவிலை' என்று மாற்ற வேண்டும். கோப்புக் கோப்பாகத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். அவர் பயன்படுத்தும் எக்லிப்ஸ் மென்பொருளிலேயே ஆல்ட், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் புதுப்பெயரை ஒருமுறை அடித்தால் எல்லா இடத்திலும் மாறிவிடும். அப்படியொரு வசதி இருப்பது அவருக்குத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஆஃபீஸ் 97-இல் வந்த கிளிப்பி என்ற பேப்பர்கிளிப் பொம்மையை நினைவிருக்கிறதா? கடிதம் எழுத ஆரம்பித்தாலே கண்ணை உருட்டிக்கொண்டு 'உதவட்டுமா' என்று வந்து நிற்கும். 2007 பதிப்பில் ஆளையே தூக்கிவிட்டார்கள். புரோகிராமர்களோ இன்னும் பொறுமை குறைந்தவர்கள். 2019-இல் கிறிஸ் பிரவுன், கிறிஸ் பார்னின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், செய்தார்கள். பிழை பிடிக்கும் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பிறருடைய திட்டங்களுக்கு அது 52 கோரிக்கைகள் அனுப்பியது. ஏற்கப்பட்டவை இரண்டு. கருவி நல்ல கருவிதான். ஆனால் முன்பின் தெரியாத பாட் வந்து திட்டத்தின் கட்டமைப்புக் கோப்பில் கைவைத்தால் யார் விடுவார்கள்?

பக்கத்து சீட்டுக்காரர் சொன்னால் கதையே வேறு. எமர்சன் மர்ஃபி-ஹில், கெயில் மர்ஃபி இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: சக புரோகிராமர் வழியாகப் புதுக்கருவி அறிவது நன்றாகப் பலிக்கிறது, ஆனால் அபூர்வமாகவே நடக்கிறது. வீட்டிலிருந்து தனியாக வேலை பார்ப்பவருக்கு அந்த வாய்ப்பும் குறைவு.

அந்த சீட்டுக்காரரின் பக்குவத்தைத் திரையில் கொண்டுவர முடியுமா? என் பார்வையில் ஓரளவு முடிந்திருப்பது, நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ கோடில் வரும் சின்ன மஞ்சள் பல்பில்தான். கர்சர் நிற்கும் வரியருகே எரியும். பெட்டி எதுவும் குறுக்கே வராது. கன்ட்ரோலோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் அந்த வரிக்கு என்ன செய்யலாம் என்ற பட்டியல் திறக்கும். கண்டுகொள்ளாவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.

இன்னொரு வழியும் அதே மென்பொருளில் உண்டு. குழுவினர் தாங்கள் பயன்படுத்தும் நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) பெயர்களைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் திட்டத்தைத் திறந்ததும் 'இவற்றை நிறுவவா?' என்று கேட்கும். கேட்பது மென்பொருள், பரிந்துரைத்தது சீனியர்.