21.7 கிலோ மீன்... 43 வருட சாதனையை உடைத்த ஏரித் தூண்டில்!

'ட்ரோல்' என்றதும் மீம்ஸ்தானே ஞாபகத்துக்கு வரும்? இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வார்த்தைக்கு வேறோர் அர்த்தம் இருந்தது. மெதுவாக ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதுதான் ட்ரோலிங். நம்மூர் விசைப்படகுகளின் 'ட்ராலிங்' வேறு, அது வலை. இதில் நரம்பும் முள்ளும் மட்டும்தான்.

2021 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்காவின் லடிங்டன் நகரை ஒட்டிய மிஷிகன் ஏரியில், இப்படி இழுத்துப்போன தூண்டிலில் ஓர் இளைஞருக்கு சினூக் சால்மன் ஒன்று சிக்கியது. எடை 47.86 பவுண்டு, அதாவது 21.7 கிலோ. 1978-லிருந்து யாராலும் அசைக்க முடியாத 46.06 பவுண்டு மாநில சாதனை அன்றோடு காலி!

ஏரி என்றதும் வீராணம், செம்பரம்பாக்கம் என்று கற்பனை செய்ய வேண்டாம். மிஷிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். கேரளாவை உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். ஆழம் சில இடங்களில் 281 மீட்டர் வரை போகிறது. இவ்வளவு தண்ணீரில் மீனை எங்கே தேடுவது?

குளிர்ச்சியில்தான்! கோடையில் மேல்நீர் சூடாகிவிடும். சால்மனுக்கோ சுமார் 12 டிகிரி செல்சியஸ்தான் தோது. அந்தக் குளிர்ந்த அடுக்கு எத்தனை அடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே இரையை இறக்க 'டவுன்ரிக்கர்' என்ற கருவி உண்டு. கம்பி வடத்தில் ஐந்து கிலோ அளவுக்கு ஒரு குண்டு. அதில் ஒரு கிளிப். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்பில் மாட்டி ஆழத்துக்கு இறக்குவார்கள். இரை என்பதும் பெரும்பாலும் ஸ்பூன் போல வளைந்த, மினுமினுக்கும் ஒரு தகடுதான். படகு போவது நாம் வேகமாக நடக்கிற வேகத்தில்.

பொழுது விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். வெளிச்சம் ஏறுவதற்கு முன் மீன் நன்றாகக் கடிக்கும். அதன் பிறகு காத்திருப்புதான். மீன் அடித்த நொடியில் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட, வில்லாய் வளைந்திருந்த கழி படாரென்று நிமிரும். மறுநொடியே மறுபடி தலைகுனியும். ரீல் அலறும். பெரிய சினூக் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் நரம்பைக்கூட உருவிக்கொண்டு போகும். அவசரப்பட்டுப் பிடித்து நிறுத்தினால் நரம்பு அறும். தளர விட்டால் முள் கழன்றுவிடும். படகருகே வந்து, வலைக்கூடையைப் பார்த்து மிரண்டு தப்பிய மீன்களின் கதை எல்லாத் தூண்டில்காரர்களிடமும் இருக்கும். எடை மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும்!

இந்த சினூக், மிஷிகன் ஏரியின் சொந்த மீனே அல்ல. பசிபிக் கடல் மீன். லாம்ப்ரே என்ற ரத்தம் உறிஞ்சும் மீனும் அளவில்லாத மீன்பிடிப்பும் ஏரியின் ட்ரௌட் மீன்களை அழித்தன. தின்ன ஆளில்லாமல், கடலிலிருந்து வந்த 'ஏல்வைஃப்' எனும் சின்ன மீன் கணக்கில்லாமல் பெருகியது. 1967 கோடையில் அவை செத்துக் குவிந்து கரையெல்லாம் நாறியது. அதற்கு முந்தைய வருடமே கோஹோ சால்மனை விட்டிருந்தார்கள். 1967-ல் சினூக்கும் வந்தது. இரண்டும் ஏல்வைஃபைத் தின்று கொழுத்தன. தொல்லை விருந்தானது.

ஆனால் தின்பதற்கும் அளவு இருக்கிறதே! பக்கத்து ஹியூரன் ஏரியில் 2004 வாக்கில் ஏல்வைஃப் ஏறக்குறைய காணாமலே போனது. சால்மன்கள் மெலிந்தன, பிறகு அருகின. அவற்றை நம்பியிருந்த கரையோர ஊர்களின் பிழைப்பும் படுத்தது. அதைப் பார்த்துத்தான் மிஷிகன் ஏரியில் 2013 முதல் சினூக் குஞ்சுகள் விடுவதைப் பெருமளவு குறைத்தார்கள். 'மீனைக் குறைக்கிறார்களே' என்று தூண்டில்காரர்கள் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. எட்டு வருடம் கழித்து வந்தது அந்த 21.7 கிலோ மீன். அதற்கு இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் வாய்கள் குறைந்தால் இரை மிஞ்சும் என்பது எளிய கணக்கு.

அதனால்தான் கரைக்குத் திரும்பி மீனை அறுக்கும்போது, அனுபவசாலிகள் முதலில் அதன் இரைப்பையைக் கீறிப் பார்க்கிறார்கள், உள்ளே எத்தனை ஏல்வைஃப் இருக்கிறது என்று.