காற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் வரிசை

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாமல்லபுரம் நோக்கிப் போவது இன்று பழகிப்போன காட்சி. பார்ப்பவர்களுக்கு அது பேச்சுத்துணைக்குச் சேர்ந்த கூட்டமாகத் தெரியலாம். பேச்சுத்துணையும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வரிசைக்கு வேறொரு வேலையும் உண்டு. இருபத்தைந்து வயதுப் பந்தய வீரரையும், ஐம்பத்தைந்து வயதில் மறுபடி சைக்கிளைத் தொட்டவரையும் ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஏற்பாடு அது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே உடைகிறது என்பதும் விளங்கிவிடும். பெரும்பாலும் அதை உடைப்பவர் வரிசையிலேயே வலுக் குறைந்தவர் அல்ல. முன்னால் ஓட்டும் பலசாலிதான்.

சமதரையில் சைக்கிள் ஓட்டுபவரைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு: தரையில் உருளும் டயரின் இழுவை, எதிரே நிற்கும் காற்று. டயரின் இழுவை வேகம் கூடினாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லக் கால்கள் தர வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குக் கட்ட வேண்டியது எட்டு மடங்கு. மணிக்கு 12 கிலோமீட்டரில் சந்தைக்குப் போகிறவருக்குக் காற்று ஒரு பொருட்டில்லை. 28 கிலோமீட்டரில் போகிறவருக்கு மொத்த உழைப்பில் முக்கால் பங்கை அதுவே தின்றுவிடும். முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னே அழுத்தம் குறைந்த காற்று அவரோடு சேர்ந்து இழுபட்டு வருகிறது. அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளியில் பின்தொடர்பவருக்குக் காற்றுத் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஓட்டுபவர்கள் இதை டிராஃப்டிங் என்பார்கள். பின்னால் ஒருவர் ஒட்டி வருவதால் முன்னால் இருப்பவருக்கும் சில சதவீதம் லாபம் உண்டு. பின்னால் வருபவர் எதையும் பிடுங்கிக்கொள்வதில்லை. 2018இல் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்து, அதன் உட்பகுதியில் இருப்பவருக்குத் தனியாக ஓட்டுபவரின் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்று காட்டினார்கள். அது அடைத்த சாலையில், தோளோடு தோள் உரசிப் போகும் கூட்டத்தின் கணக்கு. பன்னிரண்டு பேர் கொண்ட கிளப் வரிசை அதை எதிர்பார்க்க முடியாது. மூன்றில் ஒரு பங்கே நமக்குப் போதும்.

எதற்குப் போதும் என்பதை ஒரு தோராயக் கணக்கால் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, காற்று அசையாத சமதரை என்று வைத்துக்கொள்வோம். 28 கிலோமீட்டர் வேகத்துக்கு முன்னால் இருப்பவர் சுமார் 130 வாட் தர வேண்டும். அவர் பின்னால் இருப்பவருக்குச் சுமார் 100 வாட் போதும். தனியாக 100 வாட் தந்தால் 25 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். ஆக, 25இல் ஓட்டக்கூடியவரை வரிசை 28இல் கூட்டிப்போகிறது. இப்போது முன்னால் இருக்கும் பலசாலிக்கு உற்சாகம் பிறந்து வேகத்தை 32ஆக ஏற்றுகிறார் என்று வையுங்கள். அவருக்கு 185 வாட் ஆகிறது. பயிற்சி பெற்றவர் என்பதால் தாங்கிக்கொள்வார். பின்னால் இருப்பவரோ, மறைவில் இருந்தும், 135 வாட் தர வேண்டியிருக்கிறது. சற்றுமுன் முன்னணியில் இருந்தவர் பட்ட பாட்டைவிட அது அதிகம். வெறும் நான்கு கிலோமீட்டர் கூடியதில் கூட்டம் அவருக்குத் தந்த சலுகை முழுவதும் போயிற்று. அதே பலசாலி 28இலேயே இருந்து, மற்றவர்கள் ஐந்து நிமிடம் முன்னால் இருக்கும்போது தான் இருபது நிமிடம் இருந்தால், அவருடைய வலு முழுவதும் கூட்டத்துக்குப் போய்ச் சேரும். வலுவுள்ளவர் கூட்டத்துக்குத் தர வேண்டியது நேரம். வேகத்தை அவர் கூட்டவே கூடாது. கிளப் ரைடின் மற்ற ஒழுங்குகள் பலவும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

வால்பகுதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வரிசையில் கடைசி ஆள்தான் சொகுசாகப் போகிறார் என்று பலரும் நினைக்கிறார்கள். முன்னால் ஒரு திருப்பத்தில் வேகம் சிறிது குறைந்தாலும், ஒவ்வொருவரும் முந்தியவரைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிரேக் பிடிப்பதால், அந்தச் சிறு தயக்கம் பின்னோக்கிப் பெருகிக்கொண்டே போகும். முன்னவர் 28இலிருந்து 25க்கு இறங்கும்போது கடைசி ஆள் 20க்கு இறங்கியிருப்பார். அவர் ஆறு விநாடியில் மீண்டும் 28ஐப் பிடிக்க, வழக்கமான உழைப்புக்கு மேல் இன்னும் 200 வாட் வேண்டும். மொத்தம் 300. புதியவர் ஒருவரால் இதை இரண்டு மூன்று முறை செய்ய முடியும்; முப்பது முறை முடியாது. அதனால் புதியவரை மூன்றாவது நான்காவது இடத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் அனுபவமுள்ள ஒருவரை ஸ்வீப்பாக விடுவதே முறை. முன்னணியில் இருப்பவரும் திருப்பம் முடிந்தவுடன் பாயாமல், கடைசி ஆள் வளைந்து முடிக்கும்வரை பொறுத்துத்தான் வேகம் எடுக்க வேண்டும்.

இவ்வளவு நெருங்கி ஓட்டுவது ஆபத்தில்லையா என்று கேட்டால், ஆபத்துதான். 28 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் ஏறக்குறைய எட்டு மீட்டர் கடந்துவிடும். முன்னவர் திடீரென நின்றால் அரை மீட்டர் இடைவெளியில் யாரும் தப்ப முடியாது. வரிசையைக் காப்பது யாரும் திடீரென எதையும் செய்வதில்லை என்ற உறுதி மட்டுமே. பள்ளம், கண்ணாடிச் சில்லு, மாடு எதுவானாலும் கையாலும் குரலாலும் பின்னுக்குக் கடத்துவது அதற்காகத்தான். இதைவிட நுட்பமான ஆபத்து, முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைப்பது. சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே ஓயாமல் நடக்கும் சிறு திருப்பல்களால்தான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்பி அதைத் தாங்கிக்கொள்கிறது. இரண்டு சக்கரங்கள் பக்கவாட்டில் உரசினால் அந்தத் திருப்பல் தடைபட்டு, பின்னால் இருப்பவர் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடுவார். முன்னவர் பெரும்பாலும் விழுவதில்லை. ஆகவே இடைவெளியைக் குறைப்பது பழகப் பழக வர வேண்டியது. புதியவர் இரண்டு மீட்டர் தள்ளி வந்தாலும் மறைவில் கணிசமான பங்கு கிடைக்கும். அதற்காக அவரை விரட்டக் கூடாது.

காற்று எப்போதும் நேர் எதிரே வருவதில்லை. கோடையில் முற்பகல் முடியும் வேளையில் சென்னைக் கரையில் கடற்காற்று எழும். மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்பிக்கொண்டிருப்பவர்களுக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும்; மறைவு முன்னவரின் இடப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். வரிசை சாய்வாக விரிய முயலும். சாலையின் இட ஓரம் முடிந்ததும் அடுத்தவருக்கு மறைவு இல்லை. ஆனி, ஆடி மேற்குக் காற்றிலோ, அதே வழியில் மறைவு வலப்பக்கம், பேருந்துகள் விரையும் பக்கம், விழும். பந்தயத்தில் விரிந்துவிடலாம், பொதுச்சாலையில் கூடாது. அப்போது காற்று மறைவின் லாபத்தைத் துறந்துவிட்டு வேகத்தைக் குறைப்பதுதான் சரி.

கூட்டம் சாலையை அடைத்துக்கொள்கிறது என்ற புகாரும் உண்டு. பன்னிரண்டு பேர் ஒற்றை வரிசையில் போனால் நீளம் முப்பது மீட்டரைத் தாண்டும். இரட்டை வரிசையில் அது ஏறக்குறைய பாதியாகும், முந்திச் செல்ல ஆகும் நேரமும் குறையும். பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 திருத்தத்தில் பெரிய குழுக்கள் இருவர் இருவராகப் போவது பாதுகாப்பாக இருக்கலாம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் நம் சாலைகளில் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் ஓரத்தையே நம்பி ஓடுகின்றன; எதிர்த்திசையிலும் வருகின்றன. இங்கே ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து, இடையில் வாகனம் புகுந்து நிற்க இடம் விட்டுப் போவது மேல். விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்குதானே என்ற பேச்சில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் கூட்டமாக ஓட்டுவது அவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுச் சேர்ந்து கிளம்பினார்கள். அவர்கள் ஓட்டிய வேகத்தில் காற்றுக்கு மறைவு தேவைப்படவில்லை. ஊரார் கண்ணுக்கும் கேலிக்கும் தேவைப்பட்டது. அதைக் கூட்டம் தந்தது.

வேகத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட விடை ஒன்று இருக்கிறது. 1897இல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரை ஒரே பகலில் ஓட்டியதிலிருந்து, நெடுந்தூரத்தைச் சேர்ந்து ஓட்டும் ஆடாக்ஸ் மரபு கிளைத்தது. 1904இல் ஆன்றி தெகிராஞ் அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அதில் முன்னால் இருப்பவர் ரோடு கேப்டன். இன்று வழக்கமான வேகம் 22.5 கிலோமீட்டர், அவரை யாரும் முந்தக் கூடாது. 1921இல் ஆடாக்ஸ் கிளப் பரீசியன் என்ற கிளப் அந்த முறையிலிருந்து பிரிந்துபோய், அவரவர் வேகத்தில் ஓட்டும் முறையைத் தொடங்கியது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தரும் அந்த முறைதான் இந்தியாவிலும் பரவியிருக்கிறது. சுதந்திரம் பெரிது என்பதால் அது வென்றிருக்கலாம். ஆனால் பகல்நேர கிளப் ரைடுக்குப் பழைய முறையே பொருத்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எல்லோரும் ஒரே வேகத்தில் போகாவிட்டால் ஒருவருக்கொருவர் காற்று மறைவு தரவே முடியாது.

இந்த ஏற்பாடு செல்லாத இடம் ஏற்றம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வேகம் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். எதிர்ப்பது காற்று அல்ல, எடை. எடையை யாரும் யாருக்காகவும் சுமக்க முடியாது. அங்கே அவரவர் வேகத்தில் ஏறி, மேலே காத்திருந்து சேர்வதே எல்லாக் கிளப்புகளும் கண்ட வழி. காத்திருப்பதில்தான் பல கிளப்புகள் தவறுகின்றன. முதலில் ஏறியவர்கள் கால்மணி நேரம் இளைப்பாறிவிட்டு, கடைசி ஆள் தலை தெரிந்ததும் எழுந்து கிளம்புகிறார்கள். அதிகம் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. புதிதாகச் சேர நினைப்பவர் கிளப்பிடம் மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: சமதரையில் என்ன வேகம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்களா, ஸ்வீப்பாக வருபவர் யார், ஏற்றத்தின் உச்சியில் எவ்வளவு நேரம் நிற்பார்கள். மூன்றாவதற்குச் சரியான விடை நிமிடக் கணக்கில் இருக்காது. கடைசியாக வந்தவர் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, கிளம்பலாம் என்று அவரே சொல்லும்வரை.