புதுத் தண்டவாளம், பழைய கேட்

2019 ஜூன் 1ஆம் தேதி திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே அகலப்பாதையில் டெமு ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர்கேஜ் வண்டியை 2012இல் நிறுத்தியபோது பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளைகள் அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். வந்த ரயில் 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பதே அதிகபட்சக் கணக்கு. திருத்துறைப்பூண்டியிலிருந்து பட்டுக்கோட்டைக்கு இதைவிடச் சீக்கிரம் டவுன் பஸ்ஸில் போய்விடலாம்.

தண்டவாளத்தில் கோளாறு இல்லை. கான்கிரீட் ஸ்லீப்பர், புதுப் பாலங்கள், உயர்த்திய நடைமேடை என்று எல்லாம் சரியாகவே இருந்தன. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் சோதனை ஓட்டமும் முடிந்திருந்தது. இல்லாதவர்கள் கேட் கீப்பர்கள். அதற்கு ரயில்வே கண்ட வழிக்கு ‘மொபைல் கேட் கீப்பர்’ என்று பெயர். வண்டியின் முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர் ஏறிக்கொள்வார்கள். லெவல் கிராசிங் வந்ததும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி ஓடிப்போய் இருபுறமும் கேட்டை மூடுவார், கொடி காட்டுவார். வண்டி மெல்ல நகர்ந்து சாலையைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே கூத்து.

ஒரு கேட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது கேட் தாண்டினால் இரண்டு மணி நேரம் போய்விடும். டெல்டாவில் முப்பது கேட் என்பது பெரிய தூரமில்லை. வாய்க்காலுக்கு ஒரு கரை, கரைக்கு ஒரு சாலை, சாலைக்கு ஒரு கேட்.

இது ஏன் மீட்டர்கேஜ் காலத்தில் நடக்கவில்லை? அப்போது பல கேட்டுகளில் ஆளே கிடையாது. ‘டபிள்யூ/எல்’ என்று எழுதிய மஞ்சள் பலகையைப் பார்த்ததும் டிரைவர் ஹாரன் அடிப்பார், மாட்டுவண்டிக்காரர் நின்று பார்த்துக் கடப்பார், அவ்வளவுதான். அந்தப் பாதைக்கு வயதும் அதிகம். தஞ்சை ஜில்லா போர்டு மக்களிடம் தனியாக வரி வசூலித்துப் போட்ட ரயில்பாதை அது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் வண்டி ஓடியது. அறந்தாங்கி வரை 1903இல் நீண்டது. அறந்தாங்கி - காரைக்குடி இணைப்பு சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல் வந்தது. கம்பன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போன தலைமுறை இன்னமும் அந்தப் பகுதியில் இருக்கிறது. ஆட்கள் நடக்கவும் மாடுகள் கடக்கவும் கிராமங்கள் பழக்கப்படுத்திக்கொண்ட பாதை அது. ரயிலும் அதற்கேற்ற வேகத்தில் வந்து போனது.

அகலப்பாதை ஆனதும் கணக்கு மாறிவிட்டது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆகிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. வண்டி கனமாகிறது, வேகம் கூடுகிறது, வேகம் கூடக் கூட நிறுத்துவதற்கான தூரமும் கூடுகிறது. நாடு முழுவதும் அகலப்பாதையில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங் அத்தனையையும் 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டதாக ரயில்வே அறிவித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தது அந்த வேலையை முடுக்கிவிட்டது. ஆகவே ஐந்து மாதம் கழித்துத் திறந்த திருவாரூர் பாதையில் ஆளில்லாமல் ஒரு கேட்டைக்கூட விட முடியாது. ஒன்று ஆளைப் போட வேண்டும், அல்லது கேட்டையே எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்ட வேண்டும். ஆளைப் போடாமலே ஆளிருக்கும் கேட் என்று காட்டுவதற்குத்தான் மொபைல் கேட் கீப்பர்.

ஆள் போடுவதும் லேசான செலவில்லை. ஒரு கேட்டில் எட்டு மணி நேர முறைப்படி இரவும் பகலும் வேலை நடக்க மூன்று பேர் வேண்டும். வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் மாற்று ஆள் தனி. ஐம்பது கேட் என்றால் நூற்றைம்பது பேருக்கு மேல். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டெமு ஓடும் பாதைக்கு இத்தனை பேரா என்று கோப்பில் யாராவது கேள்வி எழுதுவார்கள். ரயில் குறைவு என்பதால் ஆள் இல்லை. ஆள் இல்லை என்பதால் ரயில் ஊர்கிறது. ஊர்கிற ரயிலில் கூட்டம் ஏறுவதில்லை. கூட்டம் இல்லாததால் ரயில் குறைவு. கிளைப்பாதைகள் பலவும் இந்தச் செக்குமாட்டு வட்டத்தில்தான் சுற்றுகின்றன. இங்கே பயணிகள் சங்கங்கள் விடாமல் மனு கொடுத்தன. பிறகு முன்னாள் ராணுவத்தினரை ஒப்பந்த முறையில் கேட் கீப்பர்களாக எடுத்தார்கள், பயண நேரம் குறைந்தது. இரவில் கேட்டைப் பார்க்க ஆள் இருந்தால்தான் இரவு ரயில் விட முடியும். 2023 ஏப்ரல் 8ஆம் தேதி பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் போகிறது. திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி இடையே அகலமாக்கப்பட்ட 37 கிலோமீட்டர் கிளைப்பாதையும் அதே நாளில் தொடங்கிவைக்கப்பட்டது.

கேட் கீப்பர் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் அடுத்த கேள்வி தொடங்குகிறது.

ஒரு லெவல் கிராசிங்கைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், ஓடும் தண்டவாளத்துக்கு உட்புறம் இன்னொரு தண்டவாளம் படுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் போல ஓர் இடைவெளி. ரயில் சக்கரத்தின் விளிம்பு போவதற்கான வழி அது. லாரியிலிருந்து விழும் ஜல்லி ஒன்று அதில் சிக்கினாலும் ஆபத்து. அதைக் குத்தி எடுத்துச் சுத்தமாக வைப்பதும் கேட் கீப்பர் வேலைதான். பக்கத்தில் ஒரு சிறு அறை. உள்ளே போன், பதிவேடு, சிவப்பும் பச்சையுமாகக் கொடிகள், இரவுக்குக் கைவிளக்கு, ஒரு தகரப் பெட்டியில் டெட்டனேட்டர்கள். கேட்டில் டிராக்டர் சிக்கிக்கொண்டால் அவர் ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். டிரைவர் பிரேக் போடுவார். வெயிலில் சரளைக்கல் மேல் 1,200 மீட்டர் ஓடுவது என்ன என்பதை விதியை எழுதியவர் ஒருமுறை ஓடிப் பார்த்திருக்கலாம்.

இந்த கேட்டுகள் இரண்டு வகை. இன்டர்லாக்கிங் செய்த கேட்டில் சிக்னலும் கேட்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. கேட் முழுதாக இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் ரயிலுக்குப் பச்சை கிடைக்கும். கேட் கீப்பர் தூங்கிவிட்டார், மறந்துவிட்டார் என்றாலும் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். ரயில் தாமதமாகுமே தவிர யாருக்கும் ஒன்றும் ஆகாது. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் இருப்பது பேச்சு மட்டும். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் அழைத்து ரயில் வருகிறது என்பார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ‘பிரைவேட் நம்பர்’ ஒன்றைச் சொல்வார். அந்த எண்தான் கேட் மூடியிருப்பதற்குச் சாட்சி. எண்ணைச் சொல்லியும் கேட் திறந்தே கிடந்தால் அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் இல்லை.

2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். ஆளில்லா கேட் ஒழிந்துவிட்டது என்று ஆறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த பிறகு, ஆளிருந்த கேட்டிலேயே இது நடந்தது. அதன்பின் ரயில்வே அமைச்சர் சில உத்தரவுகள் போட்டார். எல்லா கேட்டுகளிலும் கண்காணிப்பு கேமரா, போன் பேச்சுப் பதிவுகளைத் தினமும் எடுத்துக் கேட்டுப் பார்ப்பது என்று பட்டியல் நீள்கிறது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: இன்டர்லாக்கிங் செய்ய வேண்டிய கேட்டுக்கான வரம்பு, கேட்டைக் கடக்கும் போக்குவரத்தை அளக்கும் டி.வி.யு. என்ற கணக்கில், 20,000இலிருந்து 10,000ஆகக் குறைக்கப்பட்டது. கேமரா நடந்ததைப் பிறகு காட்டும். பூட்டு நடக்கவிடாமல் தடுக்கும்.

கேட்டையே எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இருக்கும் வழி இரண்டு. மேம்பாலம் கட்டலாம். செலவை ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதி பகிர்ந்துகொள்வது வழக்கம். அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் டி.வி.யு. வேண்டும் என்பது பழைய அளவுகோல். தண்டவாளத்துக்கு மேல் எட்டு மீட்டர் உயரம் ஏற வேண்டும், முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று கொண்டால், ஒவ்வொரு பக்கமும் 240 மீட்டர் சரிவு தேவை. ஊருக்கு நடுவில் அத்தனை இடம் எடுத்தால் கடைத்தெரு போய்விடும். ரயில்வே தன் பங்குப் பாலத்தை முடித்துவிட்டு, இருபுறமும் ஏறுவழி இல்லாமல் அது வருடக்கணக்கில் அந்தரத்தில் நிற்பதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம்.

இன்னொன்று சுரங்கப்பாதை. கான்கிரீட் பெட்டிகளைத் தனியாக வார்த்து, சில மணி நேரம் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்துக்குக் கீழே சொருகிவிடுவார்கள். செலவு குறைவு, ஆளும் வேண்டாம் என்பதால் ரயில்வேக்கு இதன் மேல் பிரியம் அதிகம். ஆனால் உயரம் மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல்தான். வைக்கோல் ஏற்றிய லாரி நுழையாது. நெல் அறுக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மழை வந்தால் கதை வேறு. மேட்டுநிலத்திலேயே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் 2021 செப்டம்பரில் அப்படித் தேங்கிய நீரில் கார் சிக்கி, அதில் போன ஒரு பெண் இறந்தார். ஓடம்போக்கியும் கோரையாறும் பாமணியாறும் ஓடுகிற, நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிற ஊரில் பள்ளம் தோண்டினால் கார்த்திகையில் என்ன ஆகும் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். மோட்டார் வைத்து இறைப்போம் என்பார்கள். மழையடிக்கும் இரவில் கரன்ட் இருந்தால் இறைக்கலாம்.

ஆகவே டெல்டாவில் பல இடங்களில் கேட் கேட்டாகவே இருக்கத்தான் போகிறது. இன்டர்லாக்கிங் வருமா என்பதுதான் கேள்வி. அதை முடிவுசெய்யும் டி.வி.யு. என்பது ஒரு பெருக்கல் கணக்கு: ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் சாலை வாகனங்களின் யூனிட்டால் பெருக்க வேண்டும். காருக்கும் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் ஒரு யூனிட், ஆட்டோவுக்கு அரை, இருசக்கர வாகனத்துக்குக் கால். பள்ளி வேனில் முப்பது பிள்ளைகள் இருந்தாலும் யூனிட் ஒன்றுதான்.

நாற்பது ரயில் ஓடும் பிரதானப் பாதையில் 250 யூனிட் இருந்தால் 10,000 வந்துவிடும். நான்கே ரயில் ஓடும் பாதையில் அதே எண்ணை எட்ட 2,500 யூனிட் வேண்டும். எல்லாம் பைக் என்றால் பத்தாயிரம் பைக். எந்தக் கிராமச் சாலையில் அது நடக்கும்? வரம்பைப் பாதியாகக் குறைத்தும் கிளைப்பாதை கேட்டுகள் பலவும் வரம்புக்கு வெளியேதான் நிற்கும். இதை மாற்ற எளிய வழி ரயிலைக் கூட்டுவது. நான்கு ரயிலை எட்டாக்கினால், சாலையில் ஒரு வண்டிகூடக் கூடாமலே டி.வி.யு. இரட்டிப்பாகிவிடும். பயணிகள் சங்கங்கள் கூடுதல் ரயில் கேட்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ, கேட்டுக்குப் பூட்டும் கேட்கின்றன.

இன்னொன்றையும் அவர்கள் கேட்டுப் பார்க்கலாம். வாகனங்களை எண்ணும் கணக்கெடுப்பு தொடர்ந்து ஒரு வாரம் நடக்கும். அந்தச் சராசரியைத்தான் அந்தச் சாலையின் போக்குவரத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது இந்தச் சாலைகளில் இயந்திரங்களும் நெல் லாரிகளும் கொள்முதல் நிலையங்களுக்கு வரிசை கட்டி நிற்கும். வைகாசியில் வயல் காய்ந்து கிடக்கும். பள்ளி வேனும் ஓடாது. தங்கள் ஊர் கேட்டில் எந்த மாதம் எண்ணினார்கள், அடுத்து எப்போது எண்ணப் போகிறார்கள் என்று கோட்ட அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதிப்போட பத்து ரூபாய்தான் கட்டணம்.