சூரைச் செடியின் கீழே ஒரு தூக்கம்

கல்முனைக் கரையோரத்தில் சுபஹு பாங்கு கேட்கும் முன்பே எழுந்துவிடும் பெண்களை நாம் அறிவோம். குழாயடியில் வரிசை பிடிக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். மாமியாருக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரி, ஒரு கையெழுத்துக்காகக் கிராம சேவையாளர் அலுவலகம், நேரம் மிஞ்சினால் கூலிக்குப் புல் பிடுங்கப் போக வேண்டும். வாரத்தில் ஒருநாள் நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். சொந்த வயல் இருந்த காலத்திலும் உழைப்புக் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் சூடடித்துத் தூற்றி நெல்லை வீட்டுக்கு ஏற்றியதும் ஓர் ஓய்வு வரும். இடம்பெயர்ந்தவருக்கு அந்த அறுவடை நாள் வருவதே இல்லை.

1990 இல் வெளியேறிய குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் பல. தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வட்டைகளை விட்டு ஓடிய ஆண்டு அது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலையில் கடல் வந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரை நெடுகிலும் ஒரே அழுகை. போரில் ஒருமுறை, கடலால் ஒருமுறை என இரண்டு தடவை பெயர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு.

இப்படிப்பட்டவர்களிடம் திருச்சபையார் நாம் என்ன சொல்லி வந்திருக்கிறோம்? "இன்னும் அதிகமாகச் செபியுங்கள், விசுவாசம் குறைந்துவிட்டது" என்றோம். பெண்கள் கூட்டம், செபக் கூட்டம், சிக்கனக் குழுக் கூட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். வராதவரின் பெயரைக் குறித்தும் கொண்டோம். ஏற்கெனவே தலையில் குடம், இடுப்பில் பிள்ளை. அதன்மேல் விசுவாசத்தையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஏற்றியது நமது தவறு.

வேதத்தில் எலியாவின் கதையைத் திரும்ப வாசித்தபோது இது நமக்கு உறைத்தது. அவரும் உயிருக்குப் பயந்து ஓடிய மனிதர். வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, சூரைச் செடியின் கீழே விழுந்து, சாவைக் கேட்டார். (நம் காட்டுச் சூரையை நினைத்துவிடாதீர்கள், அந்த முள்ளின் கீழ் எவரும் படுக்கமாட்டார். அது பாலைநிலத்தில் வளரும் வேறொரு செடி.) கடவுளின் தூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, செபிக்கச் சொல்லவும் இல்லை. தழலில் சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டார், மறுபடி தூங்கினார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணக் கொடுத்தார். பயணம் உன் பலத்துக்கு மிஞ்சியது என்பதைக் கடவுளின் தூதரே ஒத்துக்கொள்கிறார். "எனக்கு இயலவில்லை" என்று ஒரு தாய் சொன்னால் அதை விசுவாசக் குறைவு என்று நாம் எப்படிச் சொல்வது?

கதை அங்கே முடியவில்லை. தான் ஒருவனே மிஞ்சியிருப்பதாக எலியா முறையிட்டார். இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கூடவே ஒரு துணையாளையும் கடவுள் காட்டினார். அந்த எலிசா எங்கே இருந்தார்? பன்னிரண்டு ஏர் பூட்டிய வயலில், உழுதுகொண்டிருந்தார். சோர்ந்துபோன தீர்க்கதரிசிக்குக் கிடைத்த துணை ஓர் உழவன்!

சுமையைப் பங்கிடுவது உழவருக்குப் புதிதல்ல. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களில் நடந்ததை மூத்த விவசாயிகள் அறிவார்கள். மேல்மடையில் சிங்கள விவசாயிகள். கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகள். தண்ணீர் கடைமடையை எட்டுவதில்லை. இரவில் வக்கடையைக் காவல் காக்காதவனுக்குப் பயிர் இல்லை என்ற நிலை. 1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அனுப்பிய இளைஞர்கள் வீடுவீடாகப் போய்ப் பேசினார்கள். அவ்வாண்டு சேனாநாயக்க சமுத்திரத்தில் கால்பங்கு அளவு தண்ணீரே இருந்தது. பஞ்சத்தில் சண்டைதான் பெருகும் என்று எவரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்பரவு செய்து, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். முறை வந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியே விடியவிடிய விழித்திருக்கத் தேவையிருக்கவில்லை. அவர்களுக்கும் தூக்கம் கிடைத்தது.

1814 இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட்டையும் நினைத்துக்கொள்கிறோம். மனைவியைக் கடற்பயணத்திலேயே இழந்தவர். தனியாக வந்து பள்ளிக்கூடப் பணியைத் தொடங்கி, 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவருடைய தியாகத்தை மேடைகளில் புகழ்கிறோம். ஆனால் தனி மனிதராய் மாய்வதையே மாதிரியாகக் காட்டுவது சரியா என்று நாம் ஐயுறுகிறோம். அவர் தொட்ட வேலை நிலைத்தது, பின்னால் பலர் வந்து தோள் கொடுத்ததால்.

பொத்துவில் கனகர் கிராமத்து மக்கள் 1990 இல் விட்டுவந்த காணியைக் கேட்டு 2018 இல் வீதியோரம் குந்தியிருந்தார்கள். அப்படிக் குந்துவதற்கு வீட்டில் யாரோ ஒருவர் சமைக்க வேண்டும், பிள்ளை பார்க்க வேண்டும். காணிக்கான கோரிக்கையை உயிரோடு வைத்திருப்பதும் வீட்டுச் சுமையைப் பங்கிடுவதும் ஒரே வேலையின் இரு முனைகள்.

ஆகவே இந்தப் பெரும்போகத்தில் நாம் கேட்பது சிறிது. ஒரே ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டார் சேர்ந்து பாருங்கள். கமநல சேவை நிலையத்துக்கு ஒருவர் போனால் எல்லாருடைய படிவங்களையும் விசாரித்து வரலாம். ஓர் அடுப்பில் ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் காலைச் சோறு ஆகும். நோயாளியின் பக்கத்தில் இரவு முறைவைத்து இருக்கலாம். பக்கத்து வீடு முஸ்லிம் வீடானால் அவர்களையும் கேளுங்கள். இதற்குச் சமயம் தடையில்லை. செபம்? அடுப்படியில் நின்றபடி ஒரு பெருமூச்சாக வந்தாலும் கடவுளுக்குக் கேட்கும்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. மூன்று கூட்டங்களை ஒன்றாக்கியுள்ளோம். அதை எந்த நாள், எத்தனை மணிக்கு வைப்பதென்று தாய்மாரே சொல்லட்டும். மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு பாய் விரித்திருக்கும். அலுத்து வருபவர் தூங்கினால் எழுப்பமாட்டோம். தேநீர் ஆறிப்போனால் சுடவைத்துத் தருவோம்.